இருபதாம் தேதிக்குப் பின் ஒரு பட்டன் போன்

ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம், 20ஆம் தேதிக்குள் வரி கட்டி முடித்த கணக்கு, காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிற சிறு வியாபாரிகளுக்கு 22. இந்தத் தேதிகள் நெருங்க நெருங்க வீரப்பன்சத்திரத்துத் தறிக்காரர்களும் மஞ்சள் மண்டிக்காரர்களும் பில்களைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். படம் சாய்ந்திருக்கும். மொத்தத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் அனுப்பியவரின் கட்டைவிரல் இருக்கும். இரவு பதினொன்றரைக்கும் வரும், விடியற்காலை ஐந்துக்கும் வரும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குத்தான் எனக்குக் கூலி.

குறை அதற்குப் பிறகுதான். 20 முடிந்த மறுநாளும் கை தானாகப் போனைத் தேடும். பில் ஒன்றும் வந்திருக்காது. ஆனாலும் திறப்பேன், திறந்தால் யாரோ தோசைக்கல்லைப் பழக்குவதை அரை மணி நேரம் பார்ப்பேன். எங்கள் வீட்டில் இருப்பது இரும்புக்கல், பழக்கி இருபது வருடம் ஆகிறது.

ஆகவே 20 தாண்டி மாதம் முடியும் வரை வைத்துக்கொள்வதற்கென்றே ஒரு பட்டன் போன் வாங்கினேன். பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆயிரத்தைந்நூறிலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இந்த வகைப் போன்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. என் கையில் இருப்பதன் குறைகளை ஒரு பெயரின் தலையில் கட்டுவது நியாயமாகவும் இராது.

கடையில் இதைக் கேட்டதும் விற்பனையாளர் "வீட்டில் பெரியவர்களுக்கா மேடம்?" என்றார். எனக்குத்தான் என்றதும் அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. தவணை வசதி உண்டு என்று மெதுவாகச் சொன்னார். அவர் முதலில் எடுத்து வைத்தது 2ஜி போன். விலை குறைவு. ஜியோ சிம் வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். அந்த நிறுவனம் 2016இல் சேவை தொடங்கியபோதே 4ஜியில்தான் தொடங்கியது. 2ஜி அதனிடம் இருந்ததே இல்லை. அந்த சிம்மை 2ஜி போனில் போட்டால் சிக்னலே எடுக்காது. மற்ற நிறுவனங்களின் சிம்மில் 2ஜி போன் இன்றைக்கு வேலை செய்கிறது என்றாலும், சில நூறு ரூபாய் கூடப் போட்டு 4ஜி வகையாக வாங்கிவிடுவது நல்லது. குரலும் தெளிவாக இருக்கிறது.

என் ஸ்மார்ட்போனில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று வங்கியிலும் ஆதாரிலும் உறவினர்களிடமும் இருக்கும் என் சொந்த எண். மற்றது வாட்ஸ்அப்போடு சேர்த்து அலுவலகத்துக்கென்று வைத்திருப்பது. 20ஆம் தேதி மாலை சொந்த எண்ணின் சிம்மைக் கழற்றிப் பட்டன் போனில் போடுவேன். ஸ்மார்ட்போன் அலுவலக எண்ணோடு அலுவலக மேசை இழுப்பறைக்குப் போய்விடும். சிம் விஷயத்தில் ஒரு சிறு தொல்லை உண்டு. ஸ்மார்ட்போனில் இருப்பது நகம் அளவு நானோ சிம். பல பட்டன் போன்களில் இருப்பதோ பழைய பெரிய சிம்முக்கான இடம். அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும். கடையிலேயே கேட்டு வாங்குங்கள். அது தொலைந்தால் மறுபடியும் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இனி போனைப் பற்றி. கைக்கு அடக்கமாக இருக்கிறது, கனமே இல்லை. 5ஆம் பொத்தானின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். அதைத் தடவிக்கொண்டால் பார்க்காமலேயே எண்களை அழுத்தலாம். திரை வெயிலில் மங்கலாகத்தான் தெரிகிறது, ஆனால் வெயிலில் நின்று பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? சத்தம் பிரமாதம். தறி ஓடும் இரைச்சலுக்கு நடுவிலிருந்து பேசுகிறவர்களின் குரல்கூடக் காதில் கணீரென்று விழுகிறது. பேட்டரி ஆயிரத்துச் சொச்சம் மில்லியாம்பியர்-மணிதான், ஸ்மார்ட்போனில் இருப்பதில் கால் பங்கு. இருந்தும் வாரத்துக்கு இரண்டு முறை சார்ஜ் செய்தால் போதுமானதாக இருக்கிறது. பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றலாம் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

டார்ச் நன்றாக எரிகிறது. போனில் டார்ச் என்றாலே எனக்கு நோக்கியா 1100 நினைவுக்கு வரும். 2003இல் வந்து உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றதாகச் சொல்லப்படும் போன் அது. அந்த நிறுவனத்துக்கு நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே 2006இல் ஒரு பெரிய தொழிற்சாலை வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்ட்டுக்குப் போய்ப் பட்டன் போன்களை உருவாக்கினார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. தொடுதிரைக்கு ஊரே மாறியதும், வரி வழக்கும், கம்பெனி கை மாறியதும் சேர்ந்து அந்த வேலைகளைக் கொண்டுபோய்விட்டன. வரித் தொழிலில் இருப்பவள் என்பதால் எனக்கு அந்த வழக்கு மட்டும் கூடுதலாக நினைவிருக்கிறது.

ஓடிபி வருகிறதா என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. தாராளமாக வருகிறது. வங்கி, ஆதார், சமையல் எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவர் கேட்கும் குறியீட்டு எண், எல்லாமே எஸ்எம்எஸ்தானே. இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. இதன் நினைவகம் சில நூறு செய்திகளில் நிரம்பிவிடும். வீட்டுக் கடனும் நகைக் கடனும் தருகிறோம் என்று வரும் விளம்பரங்கள் அதை நிரப்பிவிட்டால், அவசரத்துக்கு வேண்டிய ஓடிபி உள்ளே வர இடம் இருக்காது. ஆகவே இரவில் கதவைப் பூட்டும்போதே செய்திகளையும் அழித்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

தமிழில் செய்தி அனுப்பலாம்; ஆனால் பொறுமை வேண்டும். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்துகள் கொள்ளும், தமிழில் 70தான். அந்த 70இல் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் ஏறும். "வணக்கம்" என்று எழுதினாலே ஏழு போய்விடும். என் தங்கைக்கு ஊர் விசேஷம் ஒன்றை விளக்கத் தொடங்கி, மூன்றாவது வரியில் அலுத்துப்போய்க் கூப்பிட்டே பேசிவிட்டேன். அதில் ஒரு நன்மை. வாட்ஸ்அப்பில் நானும் அவளும் மாதக்கணக்கில் விரல் உயர்த்திய பொம்மைகளையே பரிமாறிக்கொண்டிருந்தோம். பேசியபோதுதான் அவளுக்கு முதுகுவலி என்பதும், மருத்துவரிடம் போகாமல் தைலத்தை வைத்தே ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

பணம் செலுத்துவதில்தான் உண்மையான அவதி. யுபிஐ செயலிகள் சிம்மோடு கட்டப்பட்டவை. சிம் வேறு போனுக்குப் போனால் அவை படுத்துவிடும். பட்டன் போனுக்கென்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்ற வசதியைத் தொடங்கிவைத்தது. ஓர் எண்ணைக் கூப்பிட்டு, கேட்கும் கேள்விகளுக்குப் பொத்தான்களை அழுத்திப் பணம் அனுப்பலாம். இணையம் வேண்டாம். அதற்கும் முந்தையது *99# என்று அழுத்திச் செய்வது. வீட்டில் உட்கார்ந்து பால்காரருக்கு மாதப் பணம் அனுப்ப இரண்டுமே சரிதான். தேங்காய்க் கடை வாசலில், பின்னால் நான்கு பேர் நிற்க, முப்பத்தைந்து ரூபாய்க்காகச் செய்கிற காரியம் அல்ல. எனவே பையில் பழையபடி பத்து ரூபாய், இருபது ரூபாய்த் தாள்கள் சேர்ந்திருக்கின்றன. சில்லறை கொடுத்தால் முன்பெல்லாம் கடைக்காரர்கள் மகிழ்வார்கள். இப்போது ஒலிப்பெட்டி கத்தாத வியாபாரத்தை ஏதோ சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

விளையாட்டு வேண்டாம் என்பவர்கள் கவனிக்கவும்: இதிலும் பாம்பு விளையாட்டு இருக்கிறது. 1997இல் நோக்கியா 6110இல் வந்த அதே வகை. முதல் வாரம் என் பையன் அதைக் கண்டுபிடித்துவிட்டு, போனைத் திருப்பித் தர மறுத்தான். நல்லவேளையாக அந்தத் திரையில் எதுவும் யாரையும் நெடுநேரம் பிடித்துவைப்பதில்லை.

இனி, இதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி. மனம் லேசாகிவிட்டது, வாழ்க்கை மலர்ந்துவிட்டது என்றெல்லாம் எழுத எனக்கு வராது. எனக்குக் கிடைத்தது முற்பகல்.

எங்கள் தொழிலில் தாக்கல் செய்வதைவிடக் கடினமான வேலை, துறையிலிருந்து வரும் நோட்டீசுக்குப் பதில் எழுதுவது. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரி என்று வாங்கியவர் தன் வரியில் கழித்துக்கொண்ட தொகையும், விற்றவர் காட்டிய கணக்கிலிருந்து கணினி தானாகத் தயாரிக்கும் 2பி பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்று நோட்டீஸ் வரும். எந்த பில்லில், எந்த மாதத்தில் வித்தியாசம் என்று வரி வரியாகத் தேட வேண்டும். நானூறாவது வரியில் இருக்கும்போது போன் ஒருமுறை "டிங்" என்றால் போதும். மறுபடி மேலேயிருந்து தொடங்க வேண்டியதுதான். பவானி ஜமக்காள வியாபாரி ஒருவரின் நோட்டீசை இந்தப் பட்டன் போன் வந்த பிறகு ஒரே முற்பகலில் முடித்தேன். காலை பத்துக்கு உட்கார்ந்தவள், சாப்பாட்டுக்கு அழைத்தபோதுதான் தலையை நிமிர்த்தினேன். வித்தியாசத் தொகை வெறும் ஒரு பில்லில் வேறொருவரின் ஜிஎஸ்டி எண் பதிவானதால் வந்தது. இப்படிப்பட்ட வேலைகளை முன்பு மூன்று நான்கு நாள்களுக்கு இழுத்துக்கொண்டிருப்பேன்.

2017இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் ஒரு சோதனை நடத்தினார்கள். கவனத்தைச் சோதிக்கும் தேர்வு எழுதும்போது, சத்தத்தை அணைத்த போனை மேசைமேல் வைத்திருந்தவர்களைவிட, வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று எழுதினார்கள். போனைத் தொடக்கூட வேண்டாம், கண்ணெதிரே இருந்தாலே கவனம் பங்கு போகிறது என்பது அவர்கள் முடிவு. பின்னால் வேறு சிலர் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது முடிவு எப்போதும் அப்படியே வரவில்லை. ஆகவே அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் அனுபவம் அவர்கள் பக்கம் சாய்கிறது. ஸ்மார்ட்போனை சைலன்டில் போட்டு மேசையில் கவிழ்த்து வைத்தும் பார்த்திருக்கிறேன். இழுப்பறைக்குள் இருக்கும் போன் வேறு, கவிழ்த்து வைத்த போன் வேறு.

இன்னொரு மாற்றம் வாடிக்கையாளர்களிடம். முன்பு "ஏனுங்க மேடம், அனுப்பியதைப் பார்த்தீர்களா?" என்று கேட்பதற்காகவே ஒரு செய்தி வரும்; அதற்குப் பதில் போடாவிட்டால் ஒரு கேள்விக்குறி வரும். இப்போது கூப்பிடுகிறார்கள். கூப்பிடுகிறவர் இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறார். இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடக் கூச்சப்படுகிறார். நள்ளிரவில் படம் அனுப்பக் கூசாத அதே மனிதர்தான். 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய செலான்கள் சில உண்டு. அவற்றை அலுவலகக் கணினியில் பார்த்துக்கொள்ள முடிகிறது. அதற்குக் கைப்பேசியே வேண்டாம்.

தூக்கம் நன்றாக வருகிறதா என்று கேட்டால், வருகிறது. ஆனால் 20ஆம் தேதிக்குப் பிறகு எனக்கு எப்போதுமே தூக்கம் நன்றாக வரும். அந்தப் பெருமையைப் போனுக்குக் கொடுக்க முடியாது.

இந்தப் போனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுகிற ஒன்றுக்கு வருகிறேன். பட்டன் போன் வைத்திருப்பவரின் அமைதிக்கு யாரோ ஒருவர் ஸ்மார்ட்போனோடு காவல் இருக்க வேண்டும். முதல் மாதம் அது என் வீட்டுக்காரர். பையனின் பள்ளிக் குழுவில் நாளைக்கு விளையாட்டுச் சீருடை என்று வரும். அவர் பார்த்துச் சொல்ல வேண்டும். குடியிருப்புக் குழுவில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு என்று வரும். உறவில் திருமணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நான் ஒரு வாழ்த்துக்கூடப் போடவில்லை என்று அத்தையிடம் குறைபட்டார்கள்; அத்தை அவரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். மின்கட்டணம் அவர், ரயில் டிக்கெட் அவர், ஓலா ஆட்டோவும் அவர். நான் பால்கனியில் உட்கார்ந்து வார இதழ் படித்துக்கொண்டிருக்கும்போது, அவர் தன் குழுக்களையும் என் குழுக்களையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தார். அலுவலகத்திலும் இதே கதைதான். இழுப்பறையில் இருக்கும் போனை என் உதவியாளர் பெண்தான் திறந்து பார்க்கிறார். ஆகவே மாலை ஆறுக்குப் பிறகு அதைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

இதனால்தான் எனக்கு மோகித்யாஞ்சே வட்காவ் மேல் மதிப்பு அதிகம். மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்தில் இருக்கிற கிராமம். 2022இலிருந்து அங்கே தினமும் மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும்; ஒன்றரை மணி நேரம் தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்கும். 8:30க்கு மறுபடியும் சைரன், எல்லாம் பழையபடி. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகக் கையில் வந்த போனைப் பிள்ளைகள் கீழே வைக்காததால் ஊரே கூடி எடுத்த முடிவு அது. ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் அணைப்பதால் யாருடைய குழுவையும் யாரும் காவல் காக்க வேண்டியதில்லை. அந்த ஒன்றரை மணி நேரத்தில் யாரும் செய்தி அனுப்பப்போவதும் இல்லை.

எங்கள் வீட்டுக்கு அவ்வளவு பெரிய சைரன் கிடைக்காது. அதற்குப் பதிலாக முறை வைத்துக்கொண்டோம். மாதக் கடைசி எனக்கு. மாத முதல் வாரம் அவருக்கு. முதல் வாரத்தில் எப்படியும் நான் ஸ்மார்ட்போனோடுதான் திரிகிறேன், பள்ளிக் குழுவையும் தண்ணீர் லாரியையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அவர் அந்த வாரத்தில் செய்தித்தாளைத் துணுக்கு விளம்பரம் வரை படிக்கிறார், பிறகு அதையெல்லாம் என்னிடம் சொல்கிறார். பட்டன் போனின் இந்தப் பக்கவிளைவை முன்கூட்டியே யாரும் எச்சரிக்கவில்லை.

வேறு வழிகள் இல்லையா என்றால் இருக்கின்றன. திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும் அமைப்பு ஸ்மார்ட்போனிலேயே உண்டு. செயலிகளுக்கு நேர வரம்பு வைக்கலாம். வரம்பு வைத்ததும் நான்தானே, அதைத் தளர்த்துவதற்கும் எனக்கு அதிகாரம் இருக்கிறது என்பதால் எனக்கு அது பலிக்கவில்லை. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் உள்ள விபாசனா தியான மையத்தில் பத்து நாள் பயிற்சி இருக்கிறது. போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பேச்சு கிடையாது, புத்தகம் கிடையாது, காலை நான்குக்கு மணி அடிக்கும், கட்டணமும் கிடையாது. போய் வந்த தோழி மெச்சிக்கொண்டாள். எனக்கு 11க்கும் 20க்கும் நடுவில் அப்படி ஒரு பத்து நாளை ஒதுக்க முடியாது, 20க்குப் பிறகோ வீட்டை விட்டு வர மனமில்லை. மலைப்பிரதேச விடுதிகளில் இதையே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு தருகிறார்கள். போனை வாங்கி வைப்பதற்கு அவ்வளவு பணமா என்று கணக்குப் பார்க்கிற புத்தி என்னை அந்தப் பக்கமே விடவில்லை.

வாங்கலாமா? தினமும் வண்டி ஓட்டி, செயலியில் வரும் ஆர்டரைப் பார்த்துப் பிழைப்பவருக்கு இது ஆகாது. வீட்டில் தனியாக இருந்துகொண்டு, வீடியோவில் பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதையே ஆறுதலாக வைத்திருப்பவருக்கும் ஆகாது. படம் எடுப்பதில் ஆசை உள்ளவர்கள் இதன் கேமராவை நம்ப வேண்டாம். கொடுமுடிக் கோயிலில் எடுத்த படத்தில் என் அத்தையையும் தூணையும் பிரித்தறிய முடியவில்லை. வேலைக்கு ஏற்ற இறக்கம் உள்ளவர்களுக்கு, அதாவது மாதத்தில் சில நாள் தலைக்கு மேல் வெள்ளமும் சில நாள் கரையுமாக வாழ்கிறவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். குறைத்த ஒன்று எஸ்எம்எஸ் நினைவகத்துக்காக.

கடைக்குப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். பொத்தான்களுக்கு அடியில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். சில மலிவு வகைகளில் இல்லை, இரவில் தடவ வேண்டியிருக்கும். சார்ஜர் முனை டைப்-சி ஆக இருந்தால் வீட்டில் இருக்கும் ஒயரே போதும். பழைய மைக்ரோ யூஎஸ்பி என்றால் பெட்டியில் வருகிற ஒயரைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு சிம் போடும் வகையாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் முறை மாறும் நாளில், ஒருவரின் சிம்மைக் கழற்றுவதற்கு முன்பே மற்றவரின் சிம்மைப் போட்டுவிட முடிகிறது.